விரலுக்குத் தகுந்த வீக்கம்: கால்பந்துச் செலவு வரம்பு சிறிய கிளப்புகளுக்கு நியாயமா?

இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புகள் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கு 2026-27 பருவத்திலிருந்து மாறுகிறது. பழைய கணக்கின்படி சில கிளப்புகளுக்குப் புள்ளிகள் வெட்டப்பட்டதும், புதிய கணக்கை ஏற்க 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்ததும் செய்தியில் வந்தன. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, நீரோடிக் கரையிலும் கேரள எல்லை தாண்டிப் பொழியூரிலும் சனிக்கிழமை இரவு ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். “முதலாளி சொந்தக் காசைப் போடுகிறார், லீகுக்கு அதில் என்ன வேலை?” என்பது ஒரு கட்சி. “வரம்பு இல்லாவிட்டால் பணக்காரன் மட்டும்தான் ஜெயிப்பான்” என்பது மற்றது.

இரண்டாவது கட்சி சொல்வது நல்லெண்ணத்தில் பிறந்த பேச்சு. ஆனால் இப்போது ஐரோப்பாவில் இருக்கும் விதிகள் பணக்காரனைத் தடுப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரம்பில் மூன்று வகை

1. நட்ட வரம்பு. குறிப்பிட்ட ஆண்டுகளில் இவ்வளவுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்பது. பிரீமியர் லீக்கின் பழைய விதி இதுதான்: மூன்று பருவங்களில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு. அதாவது பருவத்துக்கு 3.5 கோடி. மைதானம் கட்டுவது, இளையோர் பயிற்சி, பெண்கள் அணி ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது.

2. விகித வரம்பு. வருமானத்தில் இத்தனை சதவீதம் மட்டுமே அணிக்குச் செலவழிக்கலாம் என்பது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபா 2022-ல் இதைக் கொண்டுவந்து, 90, 80 என்று படிப்படியாக இறக்கி 70 சதவீதத்தில் நிறுத்தியது. பிரீமியர் லீக்கின் புதிய விதியும் இந்த வகைதான். அங்கே 85 சதவீதம்.

3. ஒரே தொகை வரம்பு. கிளப் பெரிதோ சிறிதோ, எல்லாருக்கும் ஒரே எண். அமெரிக்க விளையாட்டு லீக்குகளில் பழக்கமானது. நம் நாட்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரிலும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இப்படி ஒரே எண்தான் வைக்கப்பட்டது.

மூன்றையும் “செலவு வரம்பு” என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் பேச்சு முட்டிக்கொள்கிறது. முதல் இரண்டும் கிளப் கடனில் மூழ்காமல் காப்பவை. போட்டியைச் சமமாக்கும் எண்ணம் மூன்றாவதில் மட்டுமே இருக்கிறது.

எதற்காக வந்தன

போர்ட்ஸ்மத் 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டே ஆண்டில், 2010 பிப்ரவரியில், கடனைக் கட்ட முடியாமல் நிர்வாகியின் பொறுப்புக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. 2013-க்குள் நான்காம் நிலை லீக்குக்கு இறங்கிவிட்டது. அதைக் கடைசியில் வாங்கிக் காப்பாற்றியவர்கள் அதன் ரசிகர்கள். 1885-ல் தொடங்கிய பரி கிளப்புக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பணமில்லாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. எஃப்.சி. கொச்சின் 1997-ல் தொடங்கி, அதே ஆண்டில் டியூராண்ட் கோப்பையைக் கேரளத்துக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் காணாமலே போனது. கிளப் போனால் அந்த ஊரின் கால்பந்து ஒரு தலைமுறைக்குப் பின்வாங்குகிறது. முதலாளி வேறு தொழிலைப் பார்த்துக்கொள்வார். ஆட்டக்காரனும், ஜெர்சி துவைத்தவரும், டிக்கெட் கிழித்தவரும்தான் பாக்கிச் சம்பளத்தோடு நிற்பார்கள். ஆகவே வரம்பே வேண்டாம் என்கிற முதல் கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. மிஷேல் பிளாட்டினி தலைவராக இருந்த காலத்தில் யூஃபா 2010-ல் “வருமானத்துக்குள் வாழுங்கள்” என்ற முதல் விதியை ஏற்றதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அழிவுகள் உண்மையாகவே இருந்தன.

கணக்கு நடக்கும் விதம்

குழப்பம் அதிகம் இருப்பது இந்த இடத்தில்.

ஒரு கிளப் 5 கோடி பவுண்டு கொடுத்து ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று வையுங்கள். கணக்கில் அந்த 5 கோடி ஒரே ஆண்டில் ஏறாது. ஆண்டுக்கு 1 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும் புத்தகத்தில் அவர் மதிப்பு 3 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் லாபம் 1 கோடி. வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்றும் லாபம்!

இனி, பத்து வயதிலிருந்து கிளப்பே வளர்த்த பையன். அவனை யாரிடமும் விலை கொடுத்து வாங்கவில்லை. புத்தக மதிப்பு சுழியம். அவனை 3 கோடிக்கு விற்றால் முழு 3 கோடியும் லாபம். வரம்பை நெருங்கித் திணறும் கிளப்புக்கு மிக எளிதான வழி, தன் மண்ணில் விளைந்தவனை விற்பது.

2024 ஜூனில் நியூகாசில் இதைத்தான் செய்தது. சவுதி அரேபிய அரசு நிதியம் 2021-ல் வாங்கிய கிளப் அது. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கணக்கு முடியும் ஜூன் 30-க்குள் வரம்புக்குள் வரவேண்டியிருந்ததால், சிறுவயது முதல் தங்களிடமே வளர்ந்த எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விற்றது. கிளப் அழியாமல் காக்க வந்த விதி, கிளப்புக்கும் ஊருக்கும் இடையிலுள்ள கயிற்றை அறுக்கச் சொல்கிறது. இந்த விதிகளில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். தூத்தூர்க் கரையில் யாரைக் கேட்டாலும் தெரியும்: ஊர் அணிக்கு ஊர்க்காரன் ஆடும்போது கூடும் கூட்டம் வேறு, வெளியிலிருந்து கூட்டிவந்தவன் ஆடும்போது கூடும் கூட்டம் வேறு.

புதிய விகித முறையில் கணக்கு இப்படி: ஆட்டக்காரர், தலைமைப் பயிற்சியாளர் சம்பளம், பிரித்து எழுதப்பட்ட டிரான்ஸ்ஃபர் தொகை (ஆட்டக்காரரை வாங்கிய விலை), ஏஜென்ட் கமிஷன் ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். அதை வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். ஆட்டக்காரரை விற்ற லாபமும் வருமானப் பக்கத்தில் சேரும். முதலாளி தன் பையிலிருந்து போடும் பணம் வருமானம் ஆகாது. உள்ளூர்ப் பையனை விற்கும் ஆசையும், ஆக, அப்படியே இருக்கும்.

சதவீதத்தில் ஒளிந்திருக்கும் அநீதி

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்போம். எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றால் காதுக்கு நியாயமாகவே கேட்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மான்செஸ்டர் சிட்டியின் 2023-24 வருமானம் 71.5 கோடி பவுண்டு. இதில் 85 சதவீதம் சுமார் 60.8 கோடி. 16 கோடி பவுண்டு ஈட்டும் ஒரு சிறிய கிளப்பை எடுத்துக்கொண்டால், அதன் 85 சதவீதம் 13.6 கோடி. ஒரே விதி, ஒரே லீக், ஒரே புள்ளிப் பட்டியல். ஆனால் ஒருவர் சட்டப்படி மற்றவரைவிட 47 கோடி அதிகம் செலவழிக்கலாம். அடுத்த ஆண்டு இருவர் வருமானமும் பத்துப் பத்து சதவீதம் உயர்ந்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய 52 கோடி ஆகும். சிறியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பெரியவர் எந்த விதியையும் மீறவில்லை. தூரம் மட்டும் கூடுகிறது.

எங்கள் கரையில் எல்லாரும் அறிந்த ஒரு விதியோடு ஒப்பிடலாம். குமரி மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கேரளப் பக்கம் ஜூலை இறுதிவரை 52 நாள் டிராலிங் தடை. இரண்டும் விசைப்படகுகளைக் கட்டுப்படுத்துபவை. பாரம்பரிய வள்ளத்துக்கு விலக்கு உண்டு. பெரிய வலைக்குத்தான் கட்டு. இதற்குப் பதிலாக, “போன வருடம் பிடித்ததில் 85 சதவீதம் வரை யாரும் பிடிக்கலாம்” என்று ஒரு விதி போட்டிருந்தால் என்ன ஆகும்? பத்து டன் பிடித்தவர் எட்டரை டன் பிடிப்பார். நூறு கிலோ பிடித்தவர் எண்பத்தைந்து கிலோவில் கிடப்பார். கடலைக் காக்கும் விதி என்று அதற்கும் பெயர் வைக்கலாம்தான்.

வருமானம் என்பது ஒரு கிளப் நேற்று எங்கே நின்றது என்பதன் நிழல். பெரிய மைதானம், பழைய கோப்பைகள், உலகமெங்கும் ரசிகர், ஆண்டுதோறும் ஐரோப்பியப் போட்டிப் பணம் எல்லாம் சேர்ந்தது அது. பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1995-ல் பட்டம் வென்றது ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் உருக்கு முதலாளியின் பணத்தில். செல்சீ 2003-லும் மான்செஸ்டர் சிட்டி 2008-லும் புதிய முதலாளிகள் பணத்தில் எழுந்தன. விதி வந்தது அதற்குப் பிறகு. ஏறிய ஏணியை அவர்களே உதைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏணி இப்போது அந்த இடத்தில் இல்லை.

“2016-ல் லெஸ்டர் சிட்டி ஜெயிக்கவில்லையா?” என்று கேட்பார்கள். ஜெயித்தது. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று வைத்திருந்த வெற்றி அது. அதையே விதியின் நியாயத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

ஏறி வருபவனுக்கு இன்னும் தாழ்ந்த கூரை

பழைய விதியில் இன்னொரு கோணல் இருந்தது. இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பருவத்துக்கு அனுமதிக்கப்பட்ட நட்டம் 3.5 கோடி அல்ல, 1.3 கோடி. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022-ல் மேலே வந்தது. அதன் மூன்றாண்டுக் கணக்கில் இரண்டு பருவம் கீழே கழிந்தவை. ஆகவே 1.3, 1.3, 3.5 சேர்த்து அதன் வரம்பு 6.1 கோடி. மேலேயே இருந்தவர்களுக்கு 10.5 கோடி. புதிதாக அணியைக் கட்டவேண்டியவருக்குத்தான் குறைந்த இடம்.

ஃபாரஸ்ட் 3.45 கோடி மீறியது. அது வளர்த்த பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் மீறல் பெருமளவு குறைந்திருக்கும். கிளப் நல்ல விலைக்குக் காத்திருந்து, செப்டம்பர் தொடக்கத்தில் டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றது. அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் பொறுத்து விற்பது நல்ல வியாபாரம். வழக்கை விசாரித்த ஆணையம் அதை ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் போயின.

எவர்டனுக்கு 1.95 கோடி மீறலுக்காக 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் வெட்டி, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைத்து, அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் இன்னும் இரண்டு வெட்டினார்கள். ஒரே பருவத்தில் ஒரு கிளப்பின் புள்ளிகள் மூன்று முறை மாறின. மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. கிளப் அனைத்தையும் மறுக்கிறது. அதன் விசாரணை தொடங்கியதே 2024 செப்டம்பரில். சிட்டி வழக்கு பல ஆண்டுக் கணக்குகளைத் தோண்டும் வழக்கு, எவர்டனுடையது மீறல் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கு. நேரம் வேறுபட்டதற்கு அது காரணம். குற்றம் நிரூபணமாகாத ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லவும் கூடாது. ஆனால் சிக்கலான வழக்கை நடத்த வக்கீல் பலம் எந்தக் கிளப்பிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

லூட்டன் பக்கத்து நியாயம்

விதி சிறியவரை அழுத்துகிறது என்ற என் பேச்சுக்கு எதிரான வலுவான வாதம் பெரிய கிளப்புகளிடமிருந்து வரவில்லை, லூட்டன் டவுனிடமிருந்து வருகிறது. பன்னிரண்டாயிரம் பேர் அளவே கொள்ளும் பழைய மைதானத்தோடு 2023-ல் மேலே வந்த கிளப். கையில் இருந்ததற்குள் செலவழித்தது. 2023-24 முடிவில் 26 புள்ளிகளோடு இறங்கியது. ஃபாரஸ்ட் நான்கு புள்ளி இழந்தும் 32 எடுத்துத் தப்பியது. அடுத்த ஆண்டே லூட்டன் மூன்றாம் நிலைக்கும் சரிந்தது.

லூட்டனின் ரசிகர் கேட்பார்: நாங்கள் விதிக்குள் நின்று இறங்கினோம், மீறியவர் மேலேயே இருக்கிறார், உங்கள் கண்ணீர் யாருக்கு? அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே “சிறிய கிளப்” என்று ஒன்றாகப் பேசுவது தவறு. கடன்பட்டாவது ஏறத் துடிக்கும் சிறியவரும், கடனில்லாமல் நிற்க நினைக்கும் சிறியவரும் வேறு வேறு. நட்ட வரம்பு இரண்டாமவரை முதலாமவரிடமிருந்து காக்கிறது. ஆனால் பெரியவரிடமிருந்து இருவரில் எவரையும் காப்பதில்லை. 2023-24-லும் 2024-25-லும் மேலே வந்த மூன்று கிளப்புகளும் அப்படியே திரும்ப இறங்கின.

நன்றாகக் கணக்கு வைத்திருப்பவரையே விதி அடித்த கதையும் உண்டு. ஸ்பெயினின் எய்பார், சுமார் 27,000 பேர் வாழும் ஊர். கடனே இல்லாத கிளப். 2014-ல் முதல்நிலை லீக்குக்குத் தகுதி பெற்றதும், பங்கு மூலதனம் போதாது, உயர்த்தாவிட்டால் கீழே அனுப்புவோம் என்றது அந்நாட்டுச் சட்டம். தேவையான தொகை, மற்றக் கிளப்புகள் செலவழிக்கும் சராசரியை வைத்துக் கணக்கிடப்பட்டது! பல நாடுகளிலிருந்து மக்கள் சிறு சிறு பங்குகள் வாங்கி சுமார் 17 லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்ததால் அது பிழைத்து, ஏழு பருவம் அங்கே ஆடியது.

ஒரே தொகை போட்டால் தீர்ந்துவிடுமா?

மூன்றாம் வகை வரம்பை நாம் பக்கத்திலேயே பார்த்தோம். ஐஎஸ்எல்லில் கொச்சிக்கும் சென்னைக்கும் சம்பள வரம்பு ஒன்றாகத்தான் வைக்கப்பட்டது. கொச்சி கலூர் மைதானத்தில் திரண்ட கூட்டத்தை வைத்து கேரளா பிளாஸ்டர்ஸுக்கு அதிக வரம்பு கிடைக்கவில்லை. அந்த அளவில் இது ஐரோப்பாவைவிட நேர்மையானது.

ஆனால் 2014-ல் தொடங்கியபோது அந்த லீக்குக்குக் கீழிருந்து ஏறும் வழியே இல்லை. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என இரண்டு பருவம் தொடர்ந்து, நாட்டின் மற்றொரு லீக்கான ஐ-லீக்கில் பட்டம் வென்றது. மேலே போகவில்லை. ஐ-லீக் வெற்றியாளர் ஏறலாம் என்ற வழி 2022-23 பருவத்திலிருந்துதான் திறந்தது. அந்த வழியில் முதலில் ஏறியது பஞ்சாப். கோகுலம் எந்தச் செலவு விதியாலும் தடுக்கப்படவில்லை. கதவு மூடியிருந்தது, அவ்வளவே. 2024-ல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவும் ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் தொடங்கியது.

ஐரோப்பாவில் கதவு திறந்திருக்கிறது, கூரை ஆளுக்கொரு உயரம். இங்கே கூரை சமமாக இருந்தது, கதவு பல ஆண்டு மூடிக் கிடந்தது. சிறிய கிளப்புக்கு இரண்டும் வேண்டும்.

என்ன செய்தால் நியாயம் நெருங்கும்

1. கூரையைக் கீழிருந்து அளக்க வேண்டும். கடைசி இடத்துக் கிளப் பெறும் டிவி, பரிசுப் பணத்தில் இத்தனை மடங்குக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது என்ற யோசனை பிரீமியர் லீக்கில் வந்தது. ஐந்து மடங்கு என்றார்கள். 2023-24-ல் கடைசி இடத்து ஷெஃபீல்ட் யுனைடெட் பெற்றது 10.97 கோடி, ஐந்து மடங்கு சுமார் 55 கோடி. அந்தத் தாராளமான கூரையும் 2025 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. இருபதில் பன்னிரண்டு கிளப்புகள் எதிர்த்தன என்பதால், பெரியவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆட்டக்காரர் சங்கமும் எதிர்த்தது. உழைப்பவன் கூலிக்கு மட்டும் கூரையா என்ற அவர்கள் கேள்விக்கு, முதலாளி எடுக்கும் லாபத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்லித்தான் இந்த விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

2. பகிர்வை அகலமாக்க வேண்டும். லீக்குக்குள் டிவி பணம் ஓரளவு சமமாகவே போகிறது: அதே பருவத்தில் முதலிடத்துக்கு 17.59 கோடி, கடைசிக்கு மேலே சொன்ன 10.97 கோடி. பிளவு வருவது ஐரோப்பியப் போட்டிப் பணத்திலும் விளம்பரத்திலும், லீக்குக்கும் அதற்குக் கீழான லீக்குக்கும் இடையிலும்.

3. முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்பெயின் லீக் பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு கிளப்புக்கும் வரம்பு இதுதான் என்று அறிவிக்கிறது. மீறினால் ஆட்டக்காரரைப் பதிவுசெய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியைக்கூட பார்சிலோனாவால் வைத்துக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். பெரியவரையும் அது கட்டியது. ஆட்டம் முடிந்தபின் புள்ளியை வெட்டும் அலங்கோலமும் இல்லை.

4. முதலாளி தன் கையிலிருந்து, கடனாக இல்லாமல், முன்பணமாக வங்கியில் வைத்துவிட்டுச் செலவழிக்க விரும்பினால், புதிதாக ஏறிவந்த கிளப்புக்காவது சில பருவங்கள் அனுமதிக்கலாம். ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும்வரை சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால் போர்ட்ஸ்மத் கதை திரும்பாது.

5. வளர்த்த பையனை விற்றால் கிடைப்பதை, அணிச் செலவு வரம்பைத் தளர்த்தும் வருமானமாக எண்ணக் கூடாது. அந்தப் பணம் இளையோர் பயிற்சிக்கும் மைதானத்துக்கும் போகட்டும். அப்போது ஜூன் 30 நெருங்கும்போது உள்ளூர்ப் பையனின் தலையில் விலைச்சீட்டு ஒட்டவேண்டிய அவசரம் எந்த மேலாளருக்கும் வராது.